பிரவுசர் மட்டும்தான் என்றார்கள்... உள்ளே ஒரு லினக்ஸே ஓடுகிறது, தெரியுமா?

கடைக்காரரிடம் போய், "சாஃப்ட்வேர் எழுத ஒரு குரோம்புக் வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். "அது ஸ்கூல் பசங்களுக்குங்க சார், பிரவுசர் மட்டும்தான் ஓடும்" என்று சொல்லிவிட்டு, அறுபதாயிரம் ரூபாய் மெஷின் பக்கம் கையைக் காட்டுவார். அவர் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியில் அணுகுண்டு செய்த ஆய்வுக்கூடம் வருகிறது, பை மதிப்பில் ஒரு பரிசுத்தொகை வருகிறது, அமேசானுக்குள் போய் உட்கார்ந்துகொண்ட கூகுள் கோடு வருகிறது. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஓடலாம்!

கதிரியக்கப் பெயர்

2009 ஜூலை 7 அன்று கூகுள், "பிரவுசரையே ஆபரேட்டிங் சிஸ்டமாக்கப் போகிறோம்" என்று அறிவித்தது. அந்த அறிவிப்பின் கீழே இருந்த பெயர்கள் இரண்டு. ஒருவர் லைனஸ் அப்சன். இன்னொருவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. அப்போது அவர் கூகுளின் தலைவரல்ல, குரோம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிர்வாகி, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் முதல் மாதிரி லேப்டாப் வந்தது. விற்பனைக்கு அல்ல. ஏறக்குறைய 60,000 மெஷின்களைச் சும்மாவே கொடுத்தார்கள்! கன்னங்கரேல் என்று இருக்கும், மேலே ஒரு லோகோகூடக் கிடையாது. பெயர் சிஆர்-48. அது குரோமியத்தின் ஒரு நிலையற்ற ஐசோடோப்பின் பெயர், தெரியுமா? அரை ஆயுள் சுமார் இருபத்தொன்றரை மணி நேரம். இன்று கையில் இருந்தால் நாளை இதே நேரத்துக்குப் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். பெயர் வைத்தவர்கள் குறும்புக்காரர்கள்தான். ஆனால் மெஷினின் குணமும் அதுதான். தொலைந்தாலும் உடைந்தாலும் உங்கள் வேலை தொலையக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப மீதியைக் கட்டினார்கள். இனி வரப்போகும் ஆச்சரியங்கள் பெரும்பாலும் அந்த ஒரு முடிவிலிருந்து முளைத்தவைதான்.

இன்னொன்று கேளுங்கள். அந்த சிஆர்-48-இன் பேட்டரியைக் கழற்றினால் அடியில் ஒரு குட்டி சுவிட்ச் இருந்தது. அதைத் தள்ளினால் மெஷின் டெவலப்பர் மோடுக்குப் போய்விடும். உங்களுக்குப் பிடித்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றிக்கொள்ளலாம். "பிரவுசர் மட்டும்தான்" என்று ஊருக்கு அறிவித்த அதே மெஷினில், முதல் நாளிலேயே புரோகிராமர்களுக்கு ஒரு கொல்லைக் கதவு!

கேப்ஸ் லாக் பட்டனையும் அன்றே தூக்கிவிட்டு அந்த இடத்தில் தேடல் பட்டனை வைத்தார்கள். புலம்பியவர்கள் பலர். விம் எடிட்டர் பயன்படுத்துபவர்கள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. செட்டிங்ஸில் போய் அந்தப் பட்டனை எஸ்கேப் ஆக மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அணுகுண்டு ஊரிலிருந்து வந்த பயர்வேர்

லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழித்துக்கொள்வது பயர்வேர். குரோம்புக்கில் அந்த வேலையைச் செய்வது கோர்பூட் என்ற திறந்த மூல மென்பொருள். அது எங்கே பிறந்தது தெரியுமா? அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வுக்கூடத்தில்! ஆம், உலகின் முதல் அணுகுண்டை உருவாக்கிய அதே லாஸ் அலமோஸ்தான்.

1999-இல் ரான் மின்னிக் என்பவர் அங்கே லினக்ஸ் கணினிகளை வரிசை வரிசையாக அடுக்கிப் பெரிய கிளஸ்டர்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். சாதாரண கணினிகளின் பயாஸ், ஏதாவது கோளாறு என்றால் "கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டு" என்று திரையில் கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும். கீபோர்டும் இல்லாமல் திரையும் இல்லாமல் அலமாரி அலமாரியாக நிற்கும் கணினிகளில் யார் போய்த் தட்டுவது? பயாஸையே தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் லினக்ஸைக் கொண்டுவரும் முயற்சியாக லினக்ஸ்பயாஸ் பிறந்தது. அதுதான் பிற்காலத்தில் கோர்பூட் ஆனது. மின்னிக்கும் பிறகு கூகுளுக்குப் போய்க் குரோம்புக்கில் வேலை செய்தார். சூப்பர் கம்ப்யூட்டருக்காகச் செய்த மருந்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் மடியில்!

அதற்கு மேலே? லினக்ஸ் கர்னல். அதற்கும் மேலே இருப்பதையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கட்டுவது ஜென்டூ லினக்ஸின் போர்டேஜ் என்ற கருவி. ஜென்டூ பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இங்கே சிரிப்பார்கள். ஒவ்வொரு நிரலையும் மூலத்திலிருந்து தானே கம்பைல் செய்தால்தான் தூக்கம் வரும் என்கிற பிடிவாதக்காரர்களின் லினக்ஸ் அது. டெர்மினலையே வாழ்நாளில் பார்க்கப்போகாதவர்களுக்கான ஆபரேட்டிங் சிஸ்டத்தை, டெர்மினலை விட்டு வெளியே வராதவர்களின் கருவியால் கட்டுகிறார்கள்.

பை மில்லியன் டாலர்!

2013-இல் குரோம்புக்கின் ஆபரேட்டிங் சிஸ்டமான குரோம் ஓஎஸ்-ஐ உடைத்துக் காட்டுபவர்களுக்குக் கூகுள் அறிவித்த மொத்தப் பரிசுத்தொகை எவ்வளவு தெரியுமா? 3.14159 மில்லியன் டாலர். வட்டத்தின் சுற்றளவைக் கணக்குப் போடும் அதே பை! போட்டியின் பெயர் பவ்னியம்.

இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு முறை மெஷினை ஆன் செய்யும்போதும் பயர்வேர், கர்னலின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. கர்னல், சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்கிறது. ஒரு பிட் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடும். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்றில் நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது மற்றொன்றில் அப்டேட் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் புதியது. அது சரியாக எழுந்திருக்கவில்லையா? பழையதற்கே திரும்பிவிடும். "37 சதவீதம் முடிந்தது, கணினியை அணைக்காதீர்கள்" என்ற நீலத்திரை தியானம் இங்கே கிடையாது. மீட்டிங் தொடங்கும் நேரத்தில் அந்தத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்.

பழைய குரோம்புக்குகளின் மதர்போர்டில் ஒரு சாதாரண இரும்புத் திருகு இருக்கும். பயர்வேரை யாரும் மாற்றி எழுதாமல் காப்பது அந்தத் திருகுதான்! அதைக் கழற்றினால் பூட்டு திறந்துவிடும். எவ்வளவு பெரிய ஹேக்கராக இருந்தாலும் இணையம் வழியாக ஸ்க்ரூ டிரைவரை அனுப்ப முடியாதே. பிந்தைய மாடல்களில் அந்த வேலையைத் தனியாக ஒரு பாதுகாப்புச் சிப் பார்த்துக்கொள்கிறது.

நடுவில் ஒரு பணக்காரச் செய்தி. 2013-இல் 1,299 டாலருக்கு வந்த குரோம்புக் பிக்சலின் உள்ளே சேமிப்பிடம் வெறும் 32 ஜிபி. கூடவே கிளவுடில் மூன்று வருடத்துக்கு 1 டெராபைட்! அதன் திரையைப் பார்த்து மயங்கிப் பாராட்டியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? லினக்ஸைப் படைத்த லைனஸ் டோர்வால்ட்ஸ்.

டப்பாவுக்குள் டப்பாவுக்குள் பென்குவின்

ஆரம்ப ஆண்டுகளில் குரோம்புக்கில் கோடு எழுத விரும்பியவர்களின் கைமருந்து க்ரூட்டன் என்ற ஸ்கிரிப்ட். டெவலப்பர் மோடுக்குப் போய், உபுண்டுவையோ டெபியனையோ குரோம் ஓஎஸ்-இன் பக்கத்திலேயே ஓட்டலாம். ஒரே ஒரு ஆபத்து. டெவலப்பர் மோடில் மெஷினை ஆன் செய்தால் ஒரு எச்சரிக்கைத் திரை வரும். வீட்டில் யாராவது அந்தத் திரை சொல்வதைக் கேட்டு ஸ்பேஸ் பட்டனைத் தட்டி, அடுத்த கேள்விக்கும் தலையாட்டிவிட்டால் போச்சு, டிஸ்க் மொத்தமும் துடைக்கப்பட்டுவிடும். தம்பி தங்கை உள்ள வீட்டில் க்ரூட்டன் வைத்திருந்தவர்கள் தைரியசாலிகள்.

2018 மே மாதம் கூகுளே இறங்கி வந்தது. செட்டிங்ஸில் ஒரு பட்டனைத் தட்டினால் லினக்ஸ்! டெவலப்பர் மோடும் வேண்டாம், திருகும் கழற்ற வேண்டாம். 2018 செப்டம்பரில் வந்த குரோம் ஓஎஸ் 69-இல் பொதுமக்கள் கைக்கு வந்து, 2021-இல் 91-ஆம் பதிப்பில் "பீட்டா" என்ற அடைமொழியையும் கழற்றிப் போட்டது. இந்த ஏற்பாட்டின் செல்லப்பெயர் க்ரோஸ்டினி.

உள்ளே எப்படி இருக்கிறது பாருங்கள். குரோம் ஓஎஸ்-க்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின், பெயர் டெர்மினா. அதற்குள் ஒரு கன்டெய்னர், பெயர் பென்குவின். அந்தப் பென்குவினுக்குள் முழு டெபியன் லினக்ஸ்! அங்கே நீங்கள் என்ன செய்தாலும் வெளியே இருக்கும் குரோம் ஓஎஸ்-க்கு ஒரு கீறல்கூட விழாது. எதையோ பாதி இன்ஸ்டால் செய்து, பைத்தான் பதிப்புகளைக் குழப்பி, எல்லாம் கெட்டுப்போனதா? பென்குவினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பென்குவின் வாங்கிக்கொள்ளலாம். கிட், விஎஸ் கோடு, நோடு, ரஸ்ட், போஸ்ட்கிரெஸ் எல்லாம் இதற்குள் ஓடும். 8 ஜிபி ராம் இருந்தால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோகூட ஏறும். 4 ஜிபி மெஷினில் அதை முயல்வது மெஷினுக்கும் உங்களுக்கும் தண்டனை.

முக்கியமான விஷயம், இதற்கு இணையமே தேவையில்லை. விமானத்தில் ஏறி உட்கார்ந்தும் கோடு எழுதலாம். "நெட் இல்லாவிட்டால் குரோம்புக் வெறும் தட்டு" என்று இன்னும் யாராவது சொன்னால், அவர் 2018-க்கு முந்தைய செய்தியைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த அடுக்குகளுக்குள் ஓடும் சின்னச் சின்ன நிரல்களின் பெயர்களைக் கேளுங்கள். விர்ச்சுவல் மெஷினை எழுப்புவது கான்சியர்ஜ், பெரிய ஹோட்டலில் விருந்தினரைக் கவனிக்கும் ஆள். மெஷினுக்குள் முதலில் எழுந்து பொறுப்பேற்பது மேத்ர-டீ, தலைமைப் பரிமாறுநர். கன்டெய்னருக்கும் வெளியுலகுக்கும் நடுவே ஓடியாடுவது கார்சோன், சர்வர் பையன். லினக்ஸ் ஜன்னல்களை உங்கள் திரைக்கு ஏந்தி வருவது சோம்லியே, ஒயின் பரிமாறுபவர். ஃபைல்களைப் பங்கிட்டுக் கொடுப்பது செனஷல், கோட்டையின் காரியஸ்தர். யாரோ ஒரு இன்ஜினியர் பசியோடு இருந்த நேரத்தில் பெயர் சூட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இப்போது வருகிறது, என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிய சேதி. அந்த விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் கருவியின் பெயர் க்ராஸ்விஎம். ரஸ்ட் மொழியில், குரோம்புக்குக்காகவே கூகுளில் எழுதியது. மூலக்கோடு திறந்து கிடந்தது. அதை எடுத்து, வேண்டாததை உரித்துப் போட்டு, 2018 நவம்பரில் ஃபயர்கிராக்கர் என்ற பெயரில் வெளியிட்ட நிறுவனம் எது தெரியுமா? அமேசான்! 125 மில்லி செகண்டில், அதாவது ஒரு விநாடியின் எட்டில் ஒரு பங்கில், ஒரு விர்ச்சுவல் மெஷினை எழுப்பிவிடும். ஒவ்வொன்றுக்கும் அது தனக்கென எடுத்துக்கொள்ளும் மெமரி 5 எம்பிக்கும் குறைவு. நாம் எழுதும் ஃபங்ஷனை அமேசானின் கிளவுடில் ஓட்டித் தரும் ஏடபிள்யூஎஸ் லாம்டாவின் அடியில் ஓடுவது இதுதான். மலிவு லேப்டாப்புக்காக எழுதிய கோடு, போட்டி நிறுவனத்தின் டேட்டா சென்டருக்குள் குடியேறிவிட்டது. குரோம்புக்கில் உட்கார்ந்து ஒரு லாம்டா ஃபங்ஷன் எழுதி ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். எழுதும்போது உங்களைச் சுற்றியிருந்த சுவரும், ஓடும்போது அதைச் சுற்றியிருக்கும் சுவரும் ஒரே வம்சம்!

பத்து ஃபைல் போதும்

சரி, பெரிய வேலைகள்? ஆண்ட்ராய்டின் மூலக்கோட்டை இறக்கி முழுதாகக் கட்ட வேண்டுமென்றால் 400 ஜிபி இடமும் 64 ஜிபி ராமும் கேட்கிறது அதன் அதிகாரபூர்வ வழிகாட்டி. 6 கோர் கணினியில் சுமார் 6 மணி நேரம். கூகுள் பயன்படுத்தும் 72 கோர் கணினியில் சுமார் 40 நிமிடம். இந்த 72 கோரை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற முடியுமா? கோர் அங்கேயே இருக்கட்டும், கீபோர்டு மட்டும் நம்மிடம் இருக்கட்டும் என்பதுதான் கிளவுட் வழி.

கூகுளின் சொந்தக் கணக்கே மலைக்க வைக்கும். 2015 ஜனவரி நிலவரப்படி அவர்களின் ஒற்றைக் கோடுக் களஞ்சியத்தில் 200 கோடி வரிகள், 86 டெராபைட். அதை யார் லேப்டாப்பில் இறக்கிக்கொள்வது? யாரும் இறக்குவதில்லை. எல்லாம் சர்வரில் இருக்கும், நீங்கள் தொட்டு மாற்றிய ஃபைல் மட்டும் உங்கள் கணக்கில் தனியாக நிற்கும். ஒரு இன்ஜினியரின் பணியிடத்தில் சராசரியாக இருந்த ஃபைல்கள் எத்தனை தெரியுமா? பத்துக்கும் குறைவு! 200 கோடி வரிக்கு நடுவே பத்து ஃபைல். லேப்டாப் ஏன் கனமாக இருக்க வேண்டும்?

கிட்ஹப் நிறுவனத்துக்கும் இதே தலைவலி இருந்தது. தங்கள் தளத்தின் சொந்தக் கோட்டை, ஏறக்குறைய 13 ஜிபி, ஒரு புதிய கணினியில் இறக்கி வேலைக்குத் தயாராக்க 45 நிமிடம் ஆனது. கோடுஸ்பேசஸ் என்ற தங்கள் கிளவுட் பணியிடத்துக்கு மாறிய பிறகு? 10 விநாடி! 2021-இல் அவர்களே வெளியிட்ட கணக்கு இது. சும்மா ஒரு மாயாஜாலம் பார்க்க வேண்டுமா? கிட்ஹப்பில் ஏதாவது ஒரு புராஜெக்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கீபோர்டில் முற்றுப்புள்ளிப் பட்டனை ஒரு தட்டுத் தட்டுங்கள். அந்தப் பக்கமே விஎஸ் கோடு எடிட்டராக மாறிவிடும். பலர் வருடக்கணக்காகக் கிட்ஹப்பில் குடியிருந்தும் இது தெரியாமல் இருக்கிறார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று விஎஸ் கோடின் பூர்வீகம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஜூரிக் நகரில் எரிக் காமாவின் குழு முதலில் செய்தது பிரவுசருக்குள் ஓடும் மொனாக்கோ என்ற எடிட்டரைத்தான். அதை டெஸ்க்டாப்புக்கு இழுத்து வந்தது 2015-இல். பிரவுசருக்குத் திரும்பியது பிறந்த வீட்டுக்குத் திரும்பியது மாதிரிதான்.

தட்டினால் எழுத்து வரும் நேரம்

தூரத்துச் சர்வரில் வேலை செய்ய எஸ்எஸ்எச் வேண்டும். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாஸ்வேர்டுகளை யாரோ ஒட்டுக்கேட்டுத் திருடியதால் கடுப்பாகி டாட்டு யுலோனென் எழுதியது அது. ஏன் போர்ட் 22 தெரியுமா? 21 எஃப்டிபி, 23 டெல்நெட். அந்த இரண்டுக்கும் மாற்றாகத் தன் நிரல் வர வேண்டும் என்று நினைத்தார், நடுவில் 22 காலியாக இருந்தது, கேட்டார், கொடுத்துவிட்டார்கள்!

கிளவுட் சர்வரை எந்த ஊரில் எடுப்பது என்பது இங்கே உயிர்நாடி. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. போகும். சென்னையிலிருந்து மும்பை போய்த் திரும்ப, கேபிள் நேர்கோட்டில் கிடந்தால்கூட, சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும். அமெரிக்காவின் வர்ஜீனியா 13,000 கி.மீ.க்கும் அப்பால். எந்தக் கம்பெனி எவ்வளவு பணம் வாங்கினாலும் 130 மில்லி செகண்டுக்குக் கீழே இறங்கவே முடியாது, இயற்பியல் விடாது. நடைமுறையில் இன்னும் அதிகம். ஒவ்வொரு எழுத்தும் அமெரிக்கா போய்விட்டு வந்து திரையில் விழுந்தால் எரிச்சல் வராதா? மலிவு என்று தூரத்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். சென்னையிலேயே மைக்ரோசாஃப்டின் அஸ்யூர் 2015-இல் டேட்டா சென்டர் திறந்துவிட்டது. அமேசானுக்கு மும்பையும் ஹைதராபாத்தும் உண்டு.

ரயிலில் போகிறீர்கள், சிக்னல் வந்து வந்து போகிறதா? மோஷ் என்று ஒன்று இருக்கிறது. 2012-இல் எம்ஐடியில் பிறந்தது. நீங்கள் என்ன தட்டினீர்களோ அது சர்வரிலிருந்து திரும்பி வரும் வரை காத்திருக்காமல், "இப்படித்தான் வரும்" என்று ஊகித்து உடனே திரையில் காட்டிவிடும்! அதை உருவாக்கியவர்கள் ஒரு 3ஜி நெட்வொர்க்கில் அளந்து பார்த்தார்கள். எஸ்எஸ்எச்சில் ஒரு எழுத்துக்குப் பொதுவாக 503 மில்லி செகண்ட். மோஷில் 5-க்கும் குறைவு! லேப்டாப்பை மூடி, வேறு ஊர் போய், வேறு வைஃபையில் திறந்தாலும் விட்ட இடத்தில் கர்சர் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் புதுமை என்றா நினைக்கிறீர்கள்? 1964 மே 1 அதிகாலை அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் மாணவர்கள் டெலிடைப் இயந்திரங்களில் உட்கார்ந்து ஒரே பெரிய கணினியைப் பகிர்ந்துகொண்டார்கள். பேசிக் மொழி ஓடத் தொடங்கிய நாள் அது. டெலிடைப்பில் கணிக்கும் திறன் துளியும் கிடையாது, விநாடிக்குப் பத்து எழுத்து அடிக்கும், அவ்வளவே. நம் லினக்ஸ் டெர்மினல்களுக்கு இன்றும் டிடிஒய் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த டெலிடைப்பின் எச்சம்.

கொஞ்சம் கசப்பும் உண்டு

கிளவுடில் பெரிய மெஷினை எடுத்து, வேலை முடிந்து லேப்டாப்பை மூடினால் மெஷினும் மூடிக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தானாக அணையும்படி அமைத்துவிட்டுத்தான் முதல் வரி கோடே எழுத வேண்டும். கோடுஸ்பேசஸில் தனிநபருக்கு 2 கோர் மெஷினில் மாதம் 60 மணி நேரம் இலவசம். கூகுள் கிளவுட் ஷெல்லில் 5 ஜிபி வீட்டு இடத்தோடு இலவச லினக்ஸ் கிடைக்கும். ஆனால் 120 நாள் எட்டிப் பார்க்காமல் இருந்தால் அந்த 5 ஜிபியையும் துடைத்துவிடுவார்கள்.

நிறுவனமே கையை விரிப்பதும் உண்டு. பிரவுசரில் கோடு எழுதும் கிளவுட்9 பலரின் செல்லமாக இருந்தது. 2016-இல் அமேசான் வாங்கியது. 2024-இல் புதியவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. குரோம்புக்கை பவர்வாஷ் செய்தால், அதாவது மொத்தமாகத் துடைத்துப் புதிதாக்கினால், பென்குவினும் சேர்ந்து போய்விடும். ஆக, எங்கே எழுதினாலும் சரி, எழுந்திருக்கும் முன் கிட் புஷ்!

கடைசியாக, நம்மூர்ச் சேதி. 2023 அக்டோபர் முதல் எச்பி நிறுவனத்தின் குரோம்புக்குகள் சென்னைக்கு அருகே ஃப்ளெக்ஸ் தொழிற்சாலையில் தயாராகின்றன, தெரியுமா? அந்தச் செய்தியைப் பகிர்ந்தவர்களில் சுந்தர் பிச்சையும் ஒருவர்.

வாங்கப் போகிறீர்களா? 8 ஜிபி ராமுக்குக் கீழே இறங்காதீர்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் விலையைக் கேட்கும் முன் செட்டிங்ஸில் அப்டேட் காலாவதித் தேதியைப் பாருங்கள். 2023-இல் கூகுள் அதைப் பத்து வருடமாக நீட்டியது உண்மை. ஆனால் அந்தப் பத்து வருடம் எண்ணப்படுவது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடலின் அடித்தளம் முதன்முதலில் வெளியான நாளிலிருந்து!